சொன்னால் பணம் போய்விடும் என்கிறார்கள், சொல்லலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் டேனரியில் வேலை பார்க்கிறார். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு நான்தான் ஊக்குநர். போன வருஷம் என் சித்தப்பா மகன் ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட்டாகச் சேர்ந்தான். தங்க வியாபாரமும் ஆன்லைன் டிரேடிங்கும் செய்கிறார்கள், 1 லட்சம் கட்டினால் 24 மாதத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வரும் என்றான். கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து 3 லட்சம் கட்டினேன். ஐந்து மாதம் 30,000 சரியாக வந்தது. அந்தப் பணத்திலிருந்தே இன்னும் 1 லட்சம் கட்டினேன். எனக்கு வருவதைப் பார்த்துக் குழுவில் ஏழு பேர் சேர்ந்து 9 லட்சம் கட்டினார்கள். அதற்கு எனக்கு 27,000 கமிஷன் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு மாதம்தான் வந்தது. இப்போது நான்கு மாதமாக யாருக்கும் எதுவும் வரவில்லை. ‘போலீசுக்குப் போனால் எல்லோர் பணமும் முடங்கிவிடும், புகார் கொடுத்தவர்களுக்குக் கடைசியில்தான் தருவோம்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். தம்பியோ, ‘நீ புகார் கொடுத்தா உன்னையும் ஏஜென்ட்டுன்னு பிடிப்பாங்கக்கா’ என்கிறான். போன வாரம் யாரோ ஒருவர் போன் செய்து, 15,000 கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஒரிஜினல் பத்திரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது? பேர் போடாதீர்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

புகார் கொடுங்கள். தள்ளிப் போடாமல் கொடுங்கள். அந்த 15,000 ரூபாயை யாருக்கும் கட்டாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பேசியவருக்கு உங்கள் போன் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? பணத்தை இழந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிற சரக்குதான். ஒருமுறை ஏமாந்தவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள், மறுபடி கேட்டால் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டே கூப்பிடுகிறார்கள். போலீசோ நீதிமன்றமோ ரிசர்வ் வங்கியோ முன்பணம் வாங்கிக்கொண்டு யாருடைய டெபாசிட்டையும் மீட்டுத் தருவதில்லை. அந்த நம்பரைக் குறித்து வையுங்கள். புகாரில் அதையும் சேர்க்க வேண்டும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ‘ஐந்து மாதம் சரியாக வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மாதிரி எத்தனையோ பேர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஒரு காலத்தில் நல்லபடியாக நடந்தது, இடையில் ஏதோ சிக்கல் வந்துவிட்டது, சிக்கல் தீர்ந்தால் மறுபடி வரும் என்கிற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கையை இங்கேயே விட்டுவிட வேண்டும் என்றுதான் கணக்கைச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்தது 4 லட்சம். திரும்பி வந்தது ஒன்றரை லட்சம். அது உங்கள் பணமும் உங்களைப் போல முன்பின் சேர்ந்தவர்கள் கட்டிய பணமும்தான், லாபம் என்று எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தை வைத்து அவர்கள் வாங்கியது பெரிது. உங்களிடமிருந்தே இன்னொரு லட்சமும், உங்கள் குழுவிலிருந்து 9 லட்சமும் வாங்கினார்கள். பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தால் அந்த ஏழு பேரும் நம்பியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஊக்குநருக்கு மாதா மாதம் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நம்பினார்கள்.

இந்த முறை நூறு வருஷத்துக்கும் பழையது. 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்கிற இத்தாலிக்காரர், 45 நாளில் 50 சதவீத லாபம் தருகிறேன் என்று சொல்லிப் பணம் திரட்டினார். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பதிலுக்கான தபால் செலவையும் சேர்த்து அனுப்புவதற்காக ஒரு கூப்பன் அப்போது உண்டு. அதை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் அதிக மதிப்புக்கு மாற்றுவதாகச் சொன்னார். கேட்க அறிவுபூர்வமாகத்தான் இருந்தது. கிளாரன்ஸ் பேரன் என்கிற நிதிப் பத்திரிகையாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். போன்சி வாங்கிய பணத்துக்கு ஏறக்குறைய 16 கோடி கூப்பன் புழக்கத்தில் இருக்க வேண்டும். உலகம் முழுவதும் இருந்ததோ சுமார் 27,000.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். செய்தி வந்ததும் ஜனங்கள் அவர் அலுவலகத்து வாசலில் திரண்டுவிட்டார்கள். போன்சி ஓடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் டோனட்டும் கொடுத்துச் சிரித்துப் பேசினார். இவ்வளவு தைரியமாகக் கொடுக்கிறவரிடம் பணம் இல்லாமலா இருக்கும் என்று பலர் வரிசையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சில வாரத்துக்குள் அவர் கைதானபோது அப்படிப் போனவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவ்வப்போது ‘இன்று இன்னாருக்கு 50,000 செட்டில் செய்தோம்’ என்று ஸ்க்ரீன்ஷாட் வருகிறதா? வந்தால் அதுவும் இந்தக் காபி, டோனட் வகைதான்.

நம் ஊர்க் கதைகளும் இருக்கின்றன. திருப்பூரில் பாசி என்கிற அந்நியச் செலாவணி வர்த்தக நிறுவனம் 2008, 2009இல் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டியது. பெருந்துறையில் ஈமு கோழி வளர்க்கக் கொடுத்து, மாதாமாதம் பணமும் தருகிறோம் என்ற சுசி நிறுவனம் 2012இல் விழுந்தபோது, கொட்டகையில் பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போடுவதே அரசாங்கத்துக்கு ஒரு பிரச்சினையாகிவிட்டது. கூப்பன், டாலர், ஈமு, தேக்கு மரம், தங்கம் என்று சொல்லும் பொருள்தான் மாறுகிறது. அந்தந்தக் காலத்தில் ஜனங்கள் எதில் காசு இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்களோ, அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. ஒரு கேள்வி போதும். மாதம் 10 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவர் எதற்காக உங்கள் நகையை அடகு வைக்கச் சொல்கிறார்? மாதம் 10 சதவீத லாபத்தை எடுக்காமல் விட்டால் 1 லட்சம் ஐந்து வருஷத்தில் 3 கோடியைத் தாண்டிவிடும். அப்படி ஒரு தொழில் கையில் இருந்தால், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வருஷத்துக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அவரே பணக்காரராகிவிடலாம். ஊர் ஊராக வந்து, வருஷத்துக்கு 120 சதவீதம் தருகிறேன் என்று கெஞ்ச வேண்டியதில்லை. டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிற நிதி நிறுவனங்களே வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பதுதான் விதி.

‘அவங்க ஆபீஸ்ல சர்ட்டிபிகேட் எல்லாம் மாட்டியிருந்தாங்களே’ என்று குழுப் பெண்கள் கேட்பார்கள். ஜிஎஸ்டி பதிவு வரி கட்டுவதற்கு. கம்பெனி பதிவு, அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு. சிறு தொழில் பதிவை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க இந்த மூன்றும் அனுமதி ஆகாது. உங்கள் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘முதலீடு’, ‘டெபாசிட்’ என்கிற வார்த்தைகளே அதில் இருக்காது, நீங்கள் ஏதோ கைமாற்றாகக் கடன் கொடுத்த மாதிரி எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். சட்டத்திலிருந்து நழுவுவதற்காக எழுதுவது அது. நீதிமன்றத்தில் அந்த வார்த்தை விளையாட்டு அவ்வளவு சுலபமாக எடுபடாது. அதனால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது, புகார் கொடுத்தால் பணம் முடங்கிவிடும் என்கிற மிரட்டல். முடங்க வேண்டும் சகோதரி. முடங்கினால்தான் மிச்சம் இருக்கும். 1990களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, ஓய்வூதியப் பணத்தையெல்லாம் போட்டவர்கள் தெருவில் நின்ற பிறகு, 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிஎன்பிஐடி என்று சொல்வார்கள். அதன்படி கம்பெனியின் சொத்தையும் வங்கிக் கணக்கையும் அரசு முடக்கலாம். மோசடிப் பணத்தில் மனைவி பேரிலோ மச்சான் பேரிலோ வாங்கியதையும் விடாமல் தேடலாம். பிறகு சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவு வாங்கி, அவற்றை ஏலம் விட்டுப் பணம் கட்டியவர்களுக்குப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கு, பட்டியலில் பேர் இருப்பவர்களுக்குத்தான். சும்மா இருந்தவர்களின் கணக்கு யாருக்கும் தெரியாது. ‘புகார் கொடுத்தவர்களுக்குக் கடைசியில்’ என்று அவர்கள் சொல்வது உண்மைக்கு நேர் எதிரானது. நீங்கள் சும்மா இருக்கிற ஒவ்வொரு வாரமும் நிலம் கை மாறிக்கொண்டிருக்கும், கணக்கில் இருக்கிற பணம் கரைந்துகொண்டிருக்கும்.

முழுப் பணமும் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முழுதாகத் திரும்பி வந்த வழக்குகளை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். நாளும் ஆகும். அந்தத் திருப்பூர் வழக்கில் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 வருஷம் தண்டனை கொடுத்தது 2022 ஆகஸ்டில்தான். இந்தப் பணத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். கிடைத்தால் கிடைக்கட்டும். பொதுவாக இந்த வழக்குகளில், உங்களுக்கு ஏற்கெனவே வந்ததைக் கழித்துவிட்டு மீதி அசலைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்களுக்கு அது இரண்டரை லட்சம். 24 மாதத்துக்கு வர வேண்டியது என்று அவர்கள் காட்டிய தொகையை மறந்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்களையும் பிடிப்பார்களா? தம்பி சொன்னது முழுப் பொய் என்று உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் ஏஜென்ட்டுகள் கைதாகியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டம், பொய் வாக்குறுதி கொடுத்து மற்றவர்களைச் சேர்த்துவிட்டவரைத் தண்டிக்கும்போது ‘தெரிந்தே’ என்று சொல்கிறது. சொந்த நகையை அடகு வைத்து, வந்த பணத்தையும் திரும்ப அதிலேயே போட்ட ஒருவர், அது மோசடி என்று தெரிந்து செய்திருக்க மாட்டார். உங்கள் அடகுச் சீட்டே அதைச் சொல்லும்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுதிய நாள் முதல் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இனிமேல் குழுப் பெண்கள் யாரிடமாவது ‘கொஞ்சம் பொறு, வந்துடும்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும், அது வேறு மாதிரிப் பார்க்கப்படும். வாட்ஸ்அப்பில் ஒரு தம்ஸ்அப் கூடப் போடாதீர்கள். முன்னால் வந்து உண்மையைச் சொன்னவரைச் சாட்சியாகப் பார்ப்பதற்கும், ஏழு பேர் சேர்ந்து கைகாட்டிய பிறகு கூப்பிட்டு விசாரிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கமிஷன் 27,000ஐ மறைக்காதீர்கள். உங்கள் புகாரில் முதல் பக்கத்திலேயே வரட்டும், எந்தத் தேதியில் யார் மூலமாக வந்தது என்பதோடு. செலவாகிவிட்டிருந்தால் சிறுகச் சிறுகவாவது அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்பதை உங்கள் வக்கீல் சொல்வார்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். புகார் எழுதுவதற்கு முன்பே அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு பேச்சு நடக்க வேண்டும். முதலாவது உங்கள் வீட்டில். நகை போன விஷயம் போலீஸ் நோட்டீஸ் மூலமாகவோ அடகுக்கடை ஏல நோட்டீஸ் மூலமாகவோ உங்கள் கணவருக்குத் தெரியக் கூடாது, உங்கள் வாயால் தெரிய வேண்டும். கோபப்படுவார். அந்தக் கோபத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும். தனியாக இதைச் சுமப்பதால்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன். கம்பெனிப் பிரச்சினையைவிட அவசரம் அந்த அடகுதான். தனியார் கடையில் வைத்திருந்தால் வட்டி ஏறிக்கொண்டே போகும். வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்ற முடியுமா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இதை அடைக்கக் கந்து வட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

இரண்டாவது பேச்சு அந்த ஏழு பேரிடம். ஒவ்வொருவராகப் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கியதையும் சொல்லுங்கள். திட்டுவார்கள், அழுவார்கள். ‘பேராசை பெருநஷ்டம்’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். இத்தனை வருஷத்தில் நான் மனதார வெறுக்கிற வாக்கியம் அது. மகளின் கல்யாணத்துக்கு நாலு பவுன் சேர்க்க நினைப்பது பேராசையா? கூலி ஏறாத ஊரில் விலைவாசி மட்டும் ஏறினால், மாதம் கொஞ்சம் கூடுதலாக வருகிற வழியை யாரும் தேடத்தான் செய்வார்கள். இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஏமாந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த வெட்கம் ஏமாற்றுகிறவர்களுக்கு எந்த வக்கீலையும்விட நன்றாக வேலை செய்கிறது.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், ஒரு பழைய பைனான்ஸ் கம்பெனி ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். சொத்தெல்லாம் ஏலம் போய்ப் பணம் பங்கிட்டு முடிந்த பிறகு வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று இருந்துவிட்டேன் என்றார். அவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அதை நினைத்துத்தான் உங்களை இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஏழு பேரும் உங்களோடு சேர்ந்து வந்தால் புகாருக்கு வலு கூடும். பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். எந்த அலுவலகம் என்பதை மாவட்ட எஸ்பி ஆபீசில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மனு, தனித்தனியாக. கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம், மகனோ மகளோ இருந்தால் போட்டுத் தருவார்கள்.

ஆதாரம் என்று எதை எடுத்துப் போவது? வாட்ஸ்அப் குரூப்பை எப்போது வேண்டுமானாலும் கலைத்துவிடுவார்கள். இன்றைக்கே அதன் பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள், குரல் செய்திகள் உட்பட. வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, யாருடைய பேரில் இருந்தது என்று பாருங்கள். பல நேரம் அது கம்பெனி பேரில் இருக்காது, யாரோ ஒரு தனி ஆள் பேரில் இருக்கும். சொத்தைத் தேடும்போது அந்தப் பேர்தான் உதவும். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் ரசீது இல்லையே என்று கைவிரிப்பார்கள். தேதி, இடம், கூட யார் இருந்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு நகை அடகு வைத்த சீட்டோ, வங்கியில் பணம் எடுத்த பதிவோ, ஆடு மாடு விற்ற கணக்கோ இருந்தால் அதுவும் ஆதாரம்தான். கையில் அவ்வளவு பணம் அன்று இருந்தது என்பதையாவது அது காட்டும்.

உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. புகாரில் அவர் பேர் வரும். வராமல் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அவரும் ஏமாந்தவராகவே இருக்கலாம். அப்படியானால் அவரையும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு உங்களோடு வரச் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னால் போதும். வரமாட்டேன் என்றால் அதற்குமேல் கட்டாயப்படுத்தாதீர்கள், உங்கள் தேதியையும் அவருக்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மண்டபக் கூட்டம். பழைய பத்திரத்தை வாங்கிக்கொண்டு புதுப் பத்திரமோ பின்தேதியிட்ட செக்கோ தருவார்கள். ‘ஆறு மாதம் பொறுத்துக்கொள்கிறேன், எந்த ஆட்சேபணையும் இல்லை’ என்று ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் கையில் இருக்கிற முக்கியமான எழுத்து ஆதாரம் அந்த ஒரிஜினல் பத்திரம். அதை யாரிடமும் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு கணவரோடு போங்கள். மேடையில் யார் யார் உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திங்கட்கிழமை காலை பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போகும்போது அந்த நோட்டும் பையில் இருக்கட்டும்.